எனக்கு இடம் இருக்கு

"வால், இன்னிக்குக் காலையில ஆபீஸுக்குள்ள வந்தப்போ உன் இடது கையில என்ன இருந்துச்சு?"

நான் என் இடது கையைப் பார்த்தேன். இப்போதைக்கு அதில் பாதி பிஸ்கட் இருந்தது. காலையில் என்ன இருந்தது என்று அதுவும் சொல்லவில்லை.

"குடை மேடம்."

"மழை பெய்ஞ்சு மாசக்கணக்கா ஆச்சு."

"அப்ப ஹெல்மெட்."

"அது உன் தலையில இருந்துச்சு. அதோடயே உக்காந்து பேப்பர் படிச்சே. நான்தான் கழட்டச் சொன்னேன்."

"அப்ப கை காலி."

"கதவைத் தோளால இடிச்சுத் திறந்தே. கை காலியா இருக்கறவன் எதுக்கு இடிக்கணும்?"

தோற்றுப்போனேன். மேடத்திடம் தோற்பது எனக்குப் புதிதில்லை, கிட்டத்தட்ட அதற்குத்தான் சம்பளம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தபோது தீப்பிடித்த கடைகளின் சாம்பலைக் கிளறிப் பார்ப்பது அவர் வேலை. மேலதிகாரியின் மைத்துனர் கடைச் சாம்பலையும் கிளறியதால் வெளியே வந்தார். ஒரு மேசை, இரண்டு நாற்காலியோடு துப்பறியும் அலுவலகம் ஆரம்பித்தார். இரண்டாவது நாற்காலி என்னுடையது. ஆட்களைப் பின்தொடர்ந்து போவது என் வேலை என்பதால் எனக்கு வால் என்று பெயர் வைத்தார். அதற்கு வேறு காரணமும் உண்டு என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

"காலையில நடந்ததே உனக்கு ஞாபகம் இல்லை," என்றார் மேடம். "இப்ப அந்த மெக்கானிக் போலீஸ்ல சொன்னதை இன்னொரு தடவை சொல்லு."

கேட்டுக் கேட்டு எனக்கு அது மனப்பாடம். தராசு ரிப்பேர் பட்டறையின் முதலாளி மாடிப்படிக்குக் கீழே செத்துக் கிடந்தார். போலீசுக்குப் போன் செய்தவன் அங்கே வேலை பார்த்த மெக்கானிக். வந்தவர்களிடம் அவன் சொன்னது இது:

"எடைக்கல் பெட்டியைத் திருடிட்டுக் கிளம்பினேன். வலது கையில பெட்டி. இடது கையில தராசுத் தட்டு. தோள்ல கருவிப் பை. மாடிக் கதவைத் திறக்கணும்னு தட்டைக் கீழ வச்சேன். இடது கையால திறந்தேன். மறுபடி தட்டை எடுத்தேன். படியில முதலாளி பின்னால வந்து என் பை வாரைப் பிடிச்சார். பெட்டியால தள்ளினேன். வார் அறுந்துச்சு. அவர் விழுந்தார்."

"செஞ்சவன் என்ன செஞ்சேன்னு சொல்லுவான். எந்தக் கையால செஞ்சேன்னு கேட்டா முழிப்பான்," என்றார் மேடம். "இவன் தட்டைக் கீழ வச்சதைக்கூட மறக்கலை. ஒரு கொலைக்கு நடுவுல கையைக் கணக்குப் பண்றவன் எங்கேயோ அதைப் பழகியிருக்கான்."

"சர்க்கஸ்லயா?"

"அவன் அக்கா என்ன சொன்னாங்க? ஞாயித்துக்கிழமையானா ஏதோ விளையாட்டுக்குப் போவான்னு."

அந்த அக்காதான் எங்கள் கட்சிக்காரர். போன வாரம் வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒரே விஷயத்தைத்தான் கேட்டார். "என் தம்பி இதைச் செய்யலை. யார் செஞ்சதுன்னு நீங்களா கண்டுபிடிச்சு எழுத்துல குடுங்க. யாரா இருந்தாலும் சரி." இந்த வாரக் கடைசியில் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிடும். திருடும்போது செய்த கொலை என்று ஆகிவிட்டால் அந்த மெக்கானிக் தலை நரைத்துத்தான் வெளியே வருவான்.

எனக்கு ஒரு ஆள் மேல் சந்தேகம் இருந்தது. செத்த முதலாளியின் மச்சான். பாடை போன மறுநாளே பட்டறை நாற்காலியில் உட்கார்ந்து உயரத்தைச் சரிசெய்துகொண்ட மனிதர்.

"ஜீப் வந்தப்போ அந்த மச்சானும் அங்கதான் மேடம் இருந்தார். ஜீப் டிரைவருக்கு டீ வாங்கிக் குடுத்து எல்லாத்தையும் கறந்துட்டேன். ஜீப்புல போலீஸ்காரங்களே நெருக்கியடிச்சு உக்காந்திருந்தாங்களாம். நம்ம மெக்கானிக் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டானாம். அக்கா அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொல்லிட்டே இருந்தாங்களாம். அவன் 'எனக்கு இடம் இருக்கு'ன்னு சொல்லிட்டு ஏறிட்டானாம். என் சர்வீஸ்ல ஜீப்புல இடம் இருக்குன்னு சந்தோஷமா ஏறினவன் இவன் ஒருத்தன்தான்னு டிரைவர் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்."

மேடம் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டார்.

விளையாட்டு நடக்கும் இடம் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பல்செட் செய்பவரின் பட்டறை. சுவர் நெடுக அலமாரி, அலமாரி நெடுகப் பல்வரிசை. எங்கே திரும்பினாலும் சிரிப்பு மட்டும் இருந்தது, ஆளைக் காணோம். நடுவே ஒரு பெரிய மேசையில் கட்டம் போட்ட காகிதம் விரித்து, அதில் ஒரு குகையை வரைந்திருந்தார்கள். குகை வாசலில் நான்கைந்து மரப்பொம்மைகள் வரிசையாக நின்றன.

பல்செட்காரர்தான் அந்த விளையாட்டுக்கு நடுவர். வெள்ளை மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டே எங்களை உட்காரச் சொன்னார். பக்கத்தில் நீல நிறச் சீருடையில் ஒரு பெண் இருந்தார். லிஃப்ட் மெக்கானிக். விளையாட்டில் அவருக்குப் பூதம் வேடம். ஆள் என் தோளுக்குத்தான் இருந்தார்.

"கதை சொல்ற விளையாட்டு மேடம்," என்றார் நடுவர். "நான் குகையைச் சொல்லுவேன். இவங்க உள்ள போவாங்க. டிராகன் வரும், மந்திரவாதி வருவான். ஜெயிக்கிறமா தோக்கிறமான்னு பகடை சொல்லும். இப்ப ஒண்ணும் நடக்கலை. குகை வாசல்லயே நிக்கிறோம்."

"ஏன்?"

"ஒட்டகம் இல்லையே. எல்லார் சாமானும் அவன்கிட்டதான் இருக்கு."

ஒட்டகம் என்பது எங்கள் மெக்கானிக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர். விளையாட்டில் அவன் வீரனும் இல்லை, மந்திரவாதியும் இல்லை. சுமைக்காரன்.

நடுவர் ஒரு பலகையை எடுத்து மேடத்தின் முன் வைத்தார். பத்துக் கட்டம் செதுக்கிய பலகை. கட்டங்களில் சின்னச் சின்ன மரத்துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு படம்: கயிறு, விளக்கு, ஏணி, எண்ணெய்க் குடுவை. ஆளுக்கு ஒரு பலகை, பொருளுக்கு ஒரு கட்டம், ஏணி மாதிரிப் பெரிய பொருளுக்கு இரண்டு கட்டம். கட்டம் நிறைந்த பிறகும் தூக்கினால் நடை குறையும், இன்னும் தூக்கினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "மந்திரம் போட்டு டிராகனையே வரவழைக்கறீங்க. ஒரு கயிறு தூக்கறதுக்குப் போய்க் கணக்கா?"

"மந்திரத்தை நம்பிடலாம் தம்பி," என்றார் நடுவர் கொஞ்சமும் கோபப்படாமல். "ஒருத்தன் ஏணி, கூடாரம், எண்ணெய்ப் பீப்பா, நாலு கத்தி எல்லாத்தையும் தூக்கிட்டு ஓடறான்னா, அதைத்தான் நம்ப முடியாது."

மேடம் பலகையின் ஓரத்தில் தனியாக இருந்த இரண்டு கட்டங்களைத் தொட்டார். "இது?"

"அது கை. வலது ஒண்ணு, இடது ஒண்ணு. கையில என்ன இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லணும். கதவைத் திறக்க ஒரு கையாவது காலியா இருக்கணும். ரெண்டு கையிலயும் சாமான் இருந்தா ஒண்ணைக் கீழ வச்சுட்டுத்தான் திறக்கணும். வச்சதைச் சொல்லணும், மறுபடி எடுத்ததையும் சொல்லணும். சொல்லலைன்னா அது அங்கேயே கிடக்கும்."

மேடம் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். 'தட்டைக் கீழ வச்சேன். இடது கையால திறந்தேன். மறுபடி தட்டை எடுத்தேன்.' அவன் போலீசில் சொன்னது வாக்குமூலம் இல்லை, ஆட்டம். மேசையில் உட்கார்ந்து, ஒரு தப்பும் வராமல், ஒவ்வொரு நகர்த்தலையும் யோசித்து வைத்திருக்கிறான்.

"எல்லாத்தையும் கணக்குல சேப்பீங்களா?" என்றார் மேடம். "போட்டிருக்கற சட்டையைக்கூட?"

"உடுத்தினது கணக்கு இல்லை. சட்டை, செருப்பு, மோதிரம், தலைப்பாகை எதையும் சொல்ல வேண்டாம். தூக்கறது மட்டும்தான் சுமை."

லிஃப்ட் மெக்கானிக் பலகையை மெல்லத் தன் பக்கம் திருப்பினார். "இதுல அவனோட பொருள்னு ஒண்ணுமே கிடையாது. விளக்கு என்னோடது. கயிறு மந்திரவாதியோடது. கத்தி வச்சுக்கோடான்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். அது ஒரு கட்டத்தை அடைக்கும்பான்."

"ஒரு கட்டம் காலியா இருக்கே," என்றேன்.

"அதை எப்பவும் காலியாவே வச்சிருப்பான். யாராவது வந்து கேட்டா இடம் இல்லைன்னு சொல்ல வேண்டி வந்துடுமேன்னு." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "முதலாளி செத்த அன்னிக்கு மத்தியானம்கூட அவனைப் பார்த்தேன். எங்க பில்டிங்ல மருந்துக் கடைக்குத் தராசு கொண்டுவந்தான். மூக்குக்கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருக்காம். லிஃப்ட் பட்டனை மூக்கால அழுத்தாத குறையா நின்னான். அக்கா சாயங்காலம் தருவாங்கன்னு சொல்லிச் சிரிச்சான். அவன் ஒருத்தரைத் தள்ளிவிட்டான்னு சொன்னா நான் எப்படிங்க நம்பறது?"

"ஒருத்தர் சாமானை இன்னொருத்தர் வாங்கிக்கறது எப்படி?" என்றார் மேடம். அவர் குரல் மாறியிருந்தது. அப்படி மாறினால் நான் பேச்சைக் குறைத்துக்கொள்வேன்.

"பக்கத்துக் கட்டத்துல நிக்கணும்," என்றார் நடுவர். "வாங்கறவர் சத்தமா 'எனக்கு இடம் இருக்கு'ன்னு சொல்லணும். சொல்லிட்டா அது அவரோட சுமை. குடுத்தவர் திருப்பிக் கேக்க முடியாது. சுமக்கறவரா இறக்கினாத்தான் உண்டு. முன்னாடி இந்தச் சட்டம் இல்லை. ஒருத்தர் விளக்கைக் குடுத்துட்டு, பாதிக் குகையில 'குடுடா என் விளக்கை'ன்னு சண்டைக்குப் போயிட்டார். அதுக்கப்புறம் போட்டது."

"இவர் போட்ட சட்டத்தைக் கேளுங்க," என்று லிஃப்ட் மெக்கானிக் என்னிடம் முறையிட்டார். "ஒரு தடவை நான் சிறையில மாட்டிக்கிட்டேன். ஒட்டகம் வெளிய நிக்கறான். ஜன்னல் வழியா ஒரு கயிறு குடுக்கலாம்னா இவர் விடலை. ஒரு மத்தியானம் பூரா சண்டை."

"நடுவுல கம்பி இருந்தா பக்கத்துக் கட்டம் ஆகாது," என்றார் நடுவர், இன்றைக்கும் விட்டுக்கொடுக்காமல்.

மேடம் எழுந்துவிட்டார். மாடிப்படியில் பாதி இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஜீப்புல இடம் இருக்குன்னு அவன் சொல்லலை வால்."

"புரியுது மேடம். யாரோ செஞ்சதை வாங்கிக்கிட்டான். அந்த மச்சானோடதைத்தானே? நான்தான் மொதல்லயே சொன்னேனே."

"அப்ப மச்சான் எங்க நின்னார்?"

டிரைவர் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். "மாடியில. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பார்த்தாராம்." சொல்லும்போதே என் சந்தேகம் புஸ்ஸென்று இறங்கிவிட்டது. "பக்கத்துல நின்னது..."

"மத்தியானம் அவன் மூக்குல கண்ணாடி இல்லை. போலீஸ் வந்தப்போ இருந்துச்சு. பெட்டியைச் சொன்னான், தட்டைச் சொன்னான், பையைச் சொன்னான். கண்ணாடியைச் சொல்லலை. ஏன்னா உடுத்தினது கணக்கு இல்லை. பழக்கதோஷம். அந்தக் கண்ணாடியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து குடுத்தது யாரு?"

அவன் அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். அன்று சாயங்காலம் எங்கே இருந்தீர்கள் என்று நாங்கள் ஊரையே கேட்டோம், அவரை மட்டும் கேட்கவில்லை. பணம் கொடுக்கிற கட்சிக்காரரை யாரும் கேட்பதில்லை.

கண்ணாடிக் கடையின் பின்அறையில் லென்ஸ் தேய்க்கும் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எங்களைப் பார்த்ததும் அதை நிறுத்தினார். மேடத்தின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் வந்தது நிம்மதி.

"கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"அன்னிக்குத் தம்பிக்குக் கண்ணாடி குடுக்கப் போயிருக்கீங்க," என்றார் மேடம்.

"போனேன். அவன் தராசு குடுக்கப் போயிட்டு இன்னும் வரலை. முதலாளி மட்டும் இருந்தார். அவர் கை சும்மா இருக்காது மேடம், அது அந்தத் தெருவுக்கே தெரியும். நான் திரும்பிக் கிளம்பினேன். படியில வந்து என் கைப்பை வாரைப் பிடிச்சு இழுத்தார். நானும் இழுத்தேன். வார் அறுந்துச்சு. அவர் கால் தவறி என்னைத் தாண்டிக் கீழ போய் விழுந்தார். அவ்வளவுதான். நான் யாரையும் தள்ளலை."

"அப்புறம் தம்பி வந்தான்."

"வந்தான். என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கி மாட்டிக்கிட்டுத்தான் அவரைக் குனிஞ்சு பார்த்தான். என் பை வாரை அவர் கையிலிருந்து எடுத்துட்டு, தன் பை வாரை அறுத்து வச்சான். என் பையை எங்க போட்டான்னு இன்னி வரைக்கும் சொல்லலை. எல்லாத்தையும் சொல்லிட்டு நான் உள்ள போறேன்டான்னு அவன் ஜீப்புல ஏறப்போற வரைக்கும் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். கடைசியில 'எனக்கு இடம் இருக்கு'ன்னான். பாப்பாவோட ஸ்கூல் பையை வாங்கறப்பகூட அப்படித்தான் சொல்லுவான்."

பாப்பா அவருடைய மகள். ஒன்றாம் வகுப்பு. அப்பா கிடையாது.

"இதை எங்ககிட்ட மொதல் நாளே சொல்லியிருக்கலாமே," என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "அன்னிக்கு ராத்திரியே இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னேன் தம்பி. ஒரு டம்ளர் தண்ணி குடுத்தார். 'இங்க வர்ற எல்லா அக்காவும் இதைத்தாம்மா சொல்றாங்க, வீட்டுக்குப் போங்க'ன்னார். வக்கீல்கிட்ட சொன்னேன். பாசம் வேற கேஸ் வேறன்னார். கோர்ட்டுல ஒருத்தர்கிட்ட சொன்னேன். குழந்தையைப் பாருங்கன்னார். உங்ககிட்டயும் சொல்லியிருந்தா நீங்களும் தண்ணிதான் குடுத்திருப்பீங்க. நான் சொன்னா பாசம். நீங்களா கண்டுபிடிச்சுச் சொன்னா உண்மைன்னு எடுத்துக்குவாங்க. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

தன்னைத்தானே பிடித்துக்கொடுக்கச் சொல்லி ஆள் வைத்த முதல் கட்சிக்காரரை நான் அன்றுதான் பார்த்தேன்.

மேடம் அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க கையில இருந்தப்போ இது விபத்தும்மா. அவன் கைக்குப் போனதும் கொலையாயிடுச்சு. அவனுக்கு ஒரு காரணம் வேணுமே, அதுக்காகத் திருட்டையும் சேத்துக்கிட்டான்."

"அதனாலதான் சொல்றேன். என்னோடதை அவன்கிட்டேர்ந்து வாங்கி என்கிட்ட குடுங்க."

மூன்று பேரும் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் என்றால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் நல்ல மனிதர். மேடம் சொன்னதை ஒரு போனைக்கூட எடுக்காமல் கடைசி வரை கேட்டார்.

"அவனே ஒத்துக்கிட்டான் மேடம். வார் அவன் பையோட பொருந்துது. பெட்டியில அவன் கைரேகை. இதுக்கு எதிரா நீங்க கொண்டுவந்திருக்கறது ஒரு விளையாட்டு."

"ஒரு மூக்குக்கண்ணாடியும்," என்றேன்.

"கண்ணாடி தானா நடந்து வராது, ஒத்துக்கறேன். அவனே கடைக்குப் போய் வாங்கியிருப்பான்."

"நான்தான் கொண்டுபோனேன் சார்," என்றார் அக்கா.

"தம்பியைக் காப்பாத்தணும்னா நானும் அப்படித்தாம்மா சொல்லுவேன்." அவர் குரலில் கிண்டலே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "மேடம், உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஒரே வழி இருக்கு. அவன் வாயால மாத்திச் சொல்லட்டும். மறுபடி முதல்லேர்ந்து விசாரிக்கறேன். அவன் சொல்லலைன்னா என் கையில ஒண்ணும் இல்லை."

சொல்லிவிட்டு, மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரை மேடத்தின் பக்கம் தள்ளி வைத்தார்.

மேடம் அந்த டம்ளரைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் காலை மூன்று பேரும் சிறைச்சாலைக்குப் போனோம். வாசலில் பை, போன், என் ஹெல்மெட், மேடத்தின் பேனா எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெறுங்கையோடு ஒரு நீளமான அறைக்குள் போனோம். நடுவே தரையிலிருந்து கூரை வரை இரும்புக் கம்பி. அந்தப் பக்கம் அவன் வந்து நின்றான். ஒட்டகம் என்றால் உயரமாக இருப்பான் என்று நினைத்திருந்தேன். ஒல்லியான, சின்ன உருவம். கண்ணாடியில் காதில் மாட்டும் காம்பு ஒன்று மட்டும் புதிதாக மின்னியது.

"குகை வாசல்லயே நிக்கிறாங்களாமே?" என்றான் எங்களிடம்.

"நீ வர்ற வரைக்கும் நிப்பாங்களாம்," என்றேன்.

"ஐயோ பாவம். என் பலகையில இருக்கறதை எடுத்துக்கச் சொல்லுங்க."

மேடம் கம்பிக்குப் பக்கத்தில் போனார். "உன் வாக்குமூலத்துல கையெல்லாம் சரியா இருந்துச்சு. கண்ணாடியை விட்டுட்டே."

அவன் விரல் தன்னையறியாமல் மூக்குக்குப் போனது. பிறகு சிரித்தான். தப்பைக் கண்டுபிடித்த நடுவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "உடுத்தினது கணக்கு இல்லையே மேடம்."

"உங்க அக்கா கையில அது லேசான சுமை. தடுமாறி விழுந்த ஆள், அவ்வளவுதான். நீ தூக்கினதாலதான் இவ்வளவு கனம். இறக்கி வை. நான் வக்கீலைப் பார்த்துக்கறேன்."

"உங்களுக்கு லேசாத் தெரியுது. அக்கா சொன்னப்ப யாரு நம்பினாங்க? நான் இப்ப மாத்தினா ரெண்டு பேரும் சேந்து ஜோடிச்சதும்பாங்க. வார் மாத்தி வச்சதுக்கு ஒரு கேஸ், அவங்க மேல ஒரு கேஸ். ரெண்டு பேரும் உள்ள. பாப்பாவை யாரு மேடம் ஸ்கூல்ல கொண்டு விடுவா?"

அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு கட்டமாக யோசித்து வைத்திருந்தான். சட்டத்துக்குள் ஓட்டை தேடிப் பழகிய மேடத்துக்கு அதில் ஒரு ஓட்டையும் கிடைக்கவில்லை. எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. பிறகு இன்ஸ்பெக்டர் மேல், செத்துப்போன அந்த முதலாளி மேல், கடைசியில் யார் மேல் என்று தெரியாமல் சும்மா வந்தது.

பின்னால் நின்ற அக்கா மேடத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முகத்தைக் கம்பியோடு வைத்துக்கொண்டார்.

"டேய்."

"சொல்லுக்கா."

"எனக்கு இடம் இருக்குடா."

காவலர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்திருக்கும். எங்களுக்குப் புரிந்தது. அக்கா இரண்டு கையையும் ஏந்தியபடி நின்றார். "கேட்டுதா? எனக்கு இடம் இருக்கு. பக்கத்துலதான் நிக்கறேன். குடுத்துடு."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். சட்டை நுனியால் துடைத்தான். துடைக்க அவ்வளவு நேரம் ஆகாது. மறுபடி போட்டுக்கொண்டபோது கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

"நடுவுல கம்பி இருக்கேக்கா. பக்கத்துக் கட்டம் ஆகாது."

மணி அடித்தது. காவலர் அவன் தோளைத் தொட்டார். போகும்போது, பாப்பாவுக்கு ஷூ வாங்க மறந்துடாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம். அக்காதான் முன்னால் நடந்தார். அறைக் கோடியில் சாதாரண மரக்கதவு, வெறுமனே சாத்தியிருந்தது, பூட்டுகூட இல்லை. அதன் முன்னால் போய் நின்றார். மேடமும் நின்றார். அக்காவின் கையில் பை இல்லை, போன் இல்லை, எதுவுமே இல்லை. இருந்தும் அவரால் அந்தக் கதவைத் திறக்க முடியவில்லை.

நான்தான் முன்னால் போய்த் திறந்துவிட்டேன். இடது கையால்.